தலைகீழாக வந்த கோடு

சுனாமிக்கு மறு வருடம். ஆராய்ச்சி மாணவியான என் மகள் புதுச்சேரியிலிருந்து போனில் அழுதாள். பிளாட்டினத் தகட்டில் ஒட்டிய மூலக்கூறுக்குக் கருவி வரைந்து காட்டும் அகச்சிவப்பு நிறமாலைக் கோடு தலைகீழாக வருகிறதாம், படிப்பையே விடப்போகிறாளாம். பதறிப் பஸ் ஏறினேன்.

மரக்காணத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர். உப்புக்காற்று அரித்த ஜன்னல் கம்பியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே என் புலம்பலைக் கேட்டார்.

“இதுக்காம்மா இப்படி பதர்றீங்க? தகடு ரொம்ப சொரசொரப்பா இருந்தா கோடு கவுந்துடும். மூலக்கூறுக்கு ஒண்ணும் ஆவலீங்க. நல்லா மெருகு போட்டுட்டு மறுபடி பாக்கச் சொல்லுங்க.”

“உங்களுக்குப் பசங்க இருக்காங்களா சார்?”

கட்டைவிரல் நின்றது. உப்பளங்களுக்கு அப்பால், கடல் பக்கம் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

மெருகிட்ட தகட்டில் மகளின் கோடு நிமிர்ந்தது. அதை அவரிடம் சொல்லத்தான் வழியில்லை.