பத்தாயிரத்தில் மூன்று கிடையாது

சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சரக்கைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். எங்கள் பத்தாயிரம் வாலா சரத்தில் வெடி குறைகிறது என்று ஒரு புகார் வந்தது. வாங்கிய கடைக்காரர் சரத்தைப் பிரித்து எண்ணியிருக்கிறார். அறுபத்து நாலு குறைவு. சரம் பின்னுகிற அக்காதான் எடுத்திருப்பாள் என்று போர்மேன் உடனே சொல்லிவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். யாரையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை.

மூன்று நாள் சாயங்காலம் அவள் பையைச் சோதித்தேன். மூன்றாம் நாள் தூக்குச்சட்டியையும் திறக்கச் சொன்னேன்.

"மிச்சச் சோறுதான் தம்பி. பசிச்சா சாப்பிட்டுக்கோ," என்றாள்.

ஒன்றும் அகப்படவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது. எங்கே ஒளிக்கிறாள்?

"சனிக்கிழமையோட அவளை நிப்பாட்டிருவோம்லே," என்றார் போர்மேன்.

வெள்ளிக்கிழமை அவள் பின்னிய இரண்டு சரங்களைப் பிரித்து நானே எண்ணினேன். இரண்டிலும் 9936. திருடுகிறவள் ஒரு நாள் ஐம்பது எடுப்பாள், ஒரு நாள் நூறு எடுப்பாள். சரத்துக்குச் சரம் சொல்லிவைத்தாற்போல் அறுபத்து நாலா எடுப்பாள்?

எங்களிடம் வெடியெல்லாம் குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144. ஒரு சரத்துக்கு அறுபத்தொன்பது குரோஸ் என்று போர்மேன் எடுத்துக் கொடுப்பார். லேபிளின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன். 9936. அவர் கொடுத்ததே அவ்வளவுதான்.

பிறகு பத்தாயிரம் என்ற எண்ணையே சந்தேகப்பட்டேன். பத்தாயிரத்தைக் காரணிகளாக உடைத்தால் நாலு இரண்டும் நாலு ஐந்தும்தான் வரும். ஒரு மூன்றுகூடக் கிடையாது. 144-க்குள் இரண்டு மூன்றுகள் இருக்கின்றன. பத்தாயிரம் ஒருநாளும் முழு குரோஸாக வராது. எழுபது கொடுத்தால் எண்பது வெடி கூடிவிடும். நாலு பூஜ்யத்தைப் பார்த்ததும், இது எதாலும் வகுபடும் என்று ஆலை மொத்தமும் இருந்துவிட்டோம். இலக்கங்களைக் கூட்டினால் ஒன்றுதான் வருகிறது, ஒன்பதால் வகுபடாது. இது பள்ளிக்கூடப் பாடம். அந்தப் புத்தி வராமல் ஒருத்தியின் சோற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

லேபிளைப் போர்மேனிடம் நீட்டினேன்.

"ஏலே, பத்தாயிரம்னா அது சரத்தோட பேரு. எண்ணிக்கைன்னு உனக்கு யாரு சொன்னா?"

"வெறும் பேருன்னா அந்த அக்காவை எதுக்குத் திருடின்னு சொன்னீக?"

அவர் தெரிந்தேதான் குறைத்துக் கொடுத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

அவளை நிறுத்தவில்லை. திங்கட்கிழமை சரம் பின்ன வெடி வாங்க வந்தவள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு குரோஸாகப் பிரித்து எண்ண ஆரம்பித்தாள். பின்னால் வரிசை நீண்டது.

"லோடு நிக்குதுக்கா," என்றார் போர்மேன்.

"நிக்கட்டும்." என் பக்கம் திரும்பினாள். "நீயும் இங்கன உக்காரு தம்பி. நான் மட்டும் எண்ணுனா நம்ப மாட்ட."

உட்கார்ந்தேன்.