அறுபது பேருக்கு உலை

"இது எங்க படிச்சு முடிக்கப் போவுதும்மா? எங்க வம்சத்துலயே எவ படிச்சா?" என்று மாமா விடுதி மேட்ரனம்மாவிடம் கேட்டார். என்னை அழைத்துப் போக வந்திருந்தார்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. காலராவில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு வளர்ந்ததெல்லாம் வேலூர் மிஷன் விடுதியில்தான். லீவுக்கு வீட்டுக்குப் போகிற பெண்களில் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்பார்கள். எனக்கு அவர்கள்மேல் ஒரே பொறாமை. என்னைக் கூப்பிட யாருமே வந்ததில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மாமா வந்ததும் ஓர் ஊசியைக்கூட விட்டுவைக்காமல் பெட்டி கட்டினேன். இனி அந்த வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

மாமாவுக்கு ஆம்பூர்த் தோல் மண்டியில் வேலை. போன மறுநாளே என்னைப் பெண் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. "சோறு மட்டும் ஆக்கி வையி கண்ணு, இதோ வந்துர்றேன்" என்று அத்தை கோழி வாங்கப் போனார்.

விடுதியில் என் முறை வரும்போது அறுபது பேருக்கு உலை வைப்பேன். எனக்குத் தெரிந்த சமையல் அளவு அது ஒன்றுதான். அத்தையின் பானை அதற்குப் போதவில்லை. பக்கத்து வீட்டு பீபியம்மாவிடம் கல்யாணப் பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாவைக் கேட்டேன். "இன்னிக்கேவா கல்யாணம்?" என்று அவரே உருட்டிக்கொண்டு வந்தார். மாதத்துக்கென்று இருந்த அரிசி முழுவதையும் அதில் கொட்டினேன்.

வந்தவர்கள் ஐந்து பேர். தட்டில் கரண்டியால் மணி அடித்து, "லைனா நில்லுங்க, சின்னவங்க முன்னாடி" என்றேன். மாப்பிள்ளை சற்றுக் குள்ளம். பாவம், முதல் ஆளாக வந்து நின்றார்.

அவருடைய அம்மா தேக்சாவை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பொண்ணு பாக்க வந்தமா, கஞ்சித் தொட்டிக்கு வந்தமா? ஒரே வேளையில வூட்டையே காலி பண்ணிடும் போலக்கீதே!"

அவர்கள் போய்விட்டார்கள். அன்று தெருவே எங்கள் வீட்டில் சாப்பிட்டது. நான்தான் பரிமாறினேன், பெருமையாக.

மறுநாள் மாமா என்னை விடுதிக்கே கொண்டுவந்து விட்டார். "நீங்களே வெச்சிக்குங்கம்மா. நமக்குக் கட்டுப்படி ஆவாது."

வேறெந்தப் பரீட்சையிலும் தோற்காதவள் இதில் தோற்றுவிட்டேன் என்று தேம்பித் தேம்பி அழுதேன். மேட்ரனம்மா என்னைத் தேற்றாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அளவாகச் சோறாக்கத் தெரிந்த என் சிநேகிதிகள் ஒவ்வொருவராக வகுப்பிலிருந்து காணாமல் போனார்கள், அதுவும் புரியவில்லை.

இந்த வருஷம் பள்ளி இறுதித் தேர்வில் தேறினேன். போன திங்கட்கிழமை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். இங்கே விடுதியில் எண்பது பேர். முதல் வாரச் சமையலுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.