சித்தப்பாவின் முதல் ரகப் பாட்டு

போன வாரம் தொட்டிலை ஆட்டிப் பிள்ளைக்குப் பாடிக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். பிள்ளை வளர்ந்த பிறகு கேட்கட்டுமே என்றுதான் வைத்தார். நான் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்துபோய் வயரைப் பிடுங்கினேன். பிள்ளை வீறிட்டு அழுதது. அவர் வயரைச் சுருட்டி எடுத்துவைத்தார், அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நல்ல எண்ணத்தோடு செய்தவரிடம் இப்படி நடந்துகொண்டது சரியா, பிள்ளை பயந்துவிட்டதோ, சாயங்காலம் பால் சரியாகக் குடிக்காதது அதனால்தானோ என்று அன்று முழுவதும் மனம் அடித்துக்கொண்டது. ஏன் இப்படிச் செய்தாய் என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டார். சொல்வதென்றால் செத்துப்போன ஒரு மனிதரைத் திட்ட வேண்டியிருக்கும். திட்டினால்தான் என்ன என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மனிதர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிப்பவராக இருந்தார். காயைச் சல்லடையில் சலித்து, பருமனும் பச்சை நிறமும் பார்த்து, முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று ஒதுக்குவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி அவரை விட்டுப் போகாது. புளிக்குழம்பு இரண்டாம் ரகம். பக்கத்து வீட்டு மாப்பிள்ளை மூன்றாம் ரகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லோரும் ஒன்றாக இருந்த எங்கள் வீட்டில் முன்னறை அவருடையது. அதில் பூப்போட்ட துணி மூடிய ஒரு ரெக்கார்டு பிளேயரும், காகித உறைகளில் நிறுத்திவைத்த கறுப்புத் தட்டுகளும் இருந்தன. பெண்களும் பிள்ளைகளும் அவற்றைத் தொடக்கூடாது. கை வியர்வை பட்டால் பாட்டு கெட்டுவிடுமாம்.

சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது. தெருவில் ரேடியோ செட்காரர்கள் போட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவார். அவர் கேட்டதெல்லாம் வில்லுப்பாட்டு, தெம்மாங்கு, நையாண்டி மேளம், கும்மி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு சிநேகிதர்கள் இரண்டு பேர் வருவார்கள். அந்த வாரம் புதிதாகக் கேட்டது எது, அதில் எந்த இடம் நன்றாக இருக்கிறது, போன மாதம் முதலில் இருந்தது இப்போது ஏன் கீழே இறங்கியது என்று ஏலக் கடையில் பேசுவதுபோலவே பேசுவார்கள். அவருக்கு மிகப் பிடித்த தட்டு ஒரு வில்லுப்பாட்டு. பாடுகிறவர் நடுவில் ஓரிடத்தில் இருமுவார். அந்த இருமலுக்காகவே முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்பார்.

“இருமுறான் பாத்தியா? அங்கதான் மனுசன் இருக்கான். சினிமாக்காரன்னா அந்த இருமல வெட்டி எறிஞ்சிருவான்” என்பார்.

அப்பா சிரிப்பார். “ஏம்ப்பா, இருமலையா காசு குடுத்து வாங்கிட்டு வந்த? ஸ்டோர்ல ரெண்டு ஈர வெறக வச்சு விட்டா நம்ம ஆளுகளே விடிய விடிய இருமுவாய்ங்களே.”

எங்களுக்கு மலைமேல் சின்ன ஏலத்தோட்டம் இருந்தது. பறித்த பச்சைக்காயை அன்றன்றே ஸ்டோர் என்கிற கொட்டகையில் அடுப்புச் சூட்டில் உலர்த்த வேண்டும். விட்டால் வாடி நிறம் போய்விடும். காய் எடுக்கும் மாதங்களில் அப்பா ஜீப்பில் மேலே போய்விடுவார். ஆட்களுக்குச் சமைக்கவும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளவும் அம்மாவும் கூடப் போவாள்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் சித்தப்பா டேப் ரெக்கார்டர் வாங்கினார். தட்டுகளில் வருவது எல்லாமே கொஞ்சம் தேய்த்துக் கழுவிய பாட்டு, வேர் மண்ணோடு வேண்டுமென்றால் நாமே போய்த்தான் எடுக்க வேண்டும் என்று மலைக்குக் கொண்டுபோனார். காய் பறிக்கும் பெண்கள் வேலையோடு வேலையாகப் பாடுவார்கள். இவர் பெட்டியைத் தூக்கி அவர்கள் முன்னால் வைத்ததும் ஒருத்தி, “அண்ணே, இது கொச்சி ரேடியோவுல வருமா?” என்று கேட்டுவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிட்டாளாம். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்களாம்.

“மெஷினப் பாத்ததும் நடிக்க ஆரம்பிச்சிர்றாளுக. தெரியாம எடுத்தாத்தான் உண்டு” என்று முகம் சிவக்க வந்து உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மாவும்தான் சிரித்தாள்.

அந்த வருடமே, காய் மும்முரமாக வந்துகொண்டிருந்த சமயத்தில், ராசிங்காபுரத்தில் அம்மாவின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. ஆள் வந்து சொன்னார். அம்மா போகவேண்டும் என்றாள். இந்த எடுப்பு முடியட்டும் என்றார் அப்பா. மறுபடி ஆள் வந்தார். இன்னும் நாலு நாள்தான் என்றார். மூன்றாம் முறை வந்த ஆள் சாவுச் செய்தியோடு வந்தார். அம்மா மலையிலிருந்து இறங்கியபோது புகை வாசனை போகாத சேலையோடுதான் இறங்கினாள். நாங்களும் போடியிலிருந்து போனோம். சித்தப்பா தோளில் ஒரு துணிப்பை இருந்தது. மாற்று வேட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒப்பாரி என்பது எங்கள் பக்கத்தில் வெறும் அழுகை இல்லை. வாயைத் திறக்காத மருமகள்கூட அன்றைக்கு எல்லாவற்றையும் பாட்டாகச் சொல்லலாம். நகையை எடுத்துக்கொண்ட அண்ணன், சோறு போடாத மாமியார், கைநீட்டிய புருசன், எல்லோரும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று கேட்க வேண்டும். எதிர்த்து ஒரு சொல் சொல்லக்கூடாது. சுடுகாட்டுக்குப் போய்வந்து தலை முழுகிய பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது. எழவு வீட்டுச் சொல் பிணத்தோடு போய்விட்டது என்பதுதான் கணக்கு. எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனாலும் குடிகாரன்கூட மீறமாட்டான்.

அம்மா தன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து பாடினாள்.

பச்சக்காய் வாடுமின்னு – என்னப் பெத்த அப்பா
பாதையில விடலையே
பெத்த மனம் வாடுறத – என்னப் பெத்த அப்பா
பாக்க ஒரு நாதியில்லே
தாலி கட்டி வந்தவரு – என்னப் பெத்த அப்பா
தராசோட நின்னாரே

அப்பா வேப்பமரத்தடியில் தலைகுனிந்து நின்று கேட்டார். அன்று சாயங்காலம் தலை முழுகிவிட்டு வந்து, “தலவலி கொறஞ்சுச்சா? ஒரு வாய் காப்பியாச்சும் குடி” என்று அம்மாவிடம் சொன்னார். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. அதுதான் முறை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைப் பார்க்க மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். கல்லூரியில் வேலை, இவரைப் போலவே பாட்டுப் பைத்தியம். இரண்டு பேரும் வழக்கம்போல் சமீபத்தில் கேட்டதையெல்லாம் பரிமாறிக்கொண்டார்கள். வந்தவர் ஏதோ ஒரு கரகாட்ட மேளத்தைப் பெரிதாகச் சொன்னார். சித்தப்பா கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிண்ணே. இப்ப ஒண்ணு போடுறேன். என்கிட்ட இருக்கதுலயே முதல் ரகம்” என்று ஒரு கேஸட்டைச் சொருகினார்.

முதலில் ஒரு குழந்தை அழும் சத்தமும், யாரோ தண்ணீர் கேட்கும் சத்தமும் வந்தன. பிறகு அம்மா வந்தாள்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. என் அம்மா பெட்டிக்குள் பாடுகிறாள், மதுரைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். அடுப்படிக்கு ஓடி, “அம்மா, நீ டேப்புல பாடுற” என்றேன். அம்மா மாவு பிசைந்த கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

“அந்த ‘பச்சக்காய்’ங்கிற எடத்துல தொண்ட ஒடையுது பாருங்க” என்றார் மதுரைக்காரர். “இன்னொரு தடவ போடுங்க.”

சித்தப்பா சுழற்றிவிட்டு மறுபடி போட்டார். இரண்டாம் முறை ஓடும்போது அப்பா வாசலிலிருந்து உள்ளே வந்தார். தராசு வரி வந்தது. யார் பாட்டு, யாரைப் பற்றிய பாட்டு என்று ஒன்றுமே தெரியாத மதுரைக்காரர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “யாருண்ணே அந்தப் புண்ணியவான், தராசோட நின்னவரு?”

சித்தப்பா மெதுவாகப் பொத்தானை அழுத்தினார். அந்த நிமிடம் அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று எவ்வளவோ தடவை யோசித்திருக்கிறேன். நல்ல இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் மட்டும்தான் இருந்தது.

விருந்தாளி பஸ்சுக்குப் போன பிறகு அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

“நான் தராசோட நின்னனா?”

அம்மா அவரைப் பார்க்காமல் சொன்னாள். “எழவு வீட்டுல சொன்னதுக்கு நடுவீட்டுல கேள்வி கேப்பீகளா?”

“நடுவீட்டுலதான பொட்டி பாடுச்சு. மதுர வரைக்கும் கேக்க மாதிரில்ல பாடுச்சு.”

அம்மா சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை, அன்றும் கத்தவில்லை. “கொழுந்தனாரே, வெளக்கேத்துற வீட்டுல ஒப்பாரியப் போட்டுட்டுக் காப்பி குடிச்சீக. சரி. அதக் குடுங்க, அடுப்புல போட்டுர்றேன்.”

“மதினி, கோவிச்சுக்காதீக. இது சாமானியப் பாட்டு இல்ல. நாளைக்கு நாம யாரும் இருக்க மாட்டோம், இது இருக்கும்.”

“அதத்தான் வேணாங்கிறேன்.”

கேஸட்டை மதுரைக்காரர் படி எடுக்க வாங்கிப்போய்விட்டார், அடுத்த வாரம் வந்துவிடும் என்றார் சித்தப்பா. அடுத்த வாரம் வரவில்லை. அம்மா ஞாயிறுதோறும் முன்னறை வாசலில் நின்று “வந்துச்சா?” என்று கேட்பாள். “வந்துரும் மதினி” என்று அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே சொல்வார். தன் பாட்டை மறுபடி கேட்க அம்மாவுக்கு அவ்வளவு ஆசையா என்று நான் நினைத்தேன். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் என்ன பேச்சு வந்தாலும் அப்பாவுக்கு அந்த ஒரு சொல் கைக்கு வந்துவிடும். அம்மா எதையாவது கேட்டால், “தராசோட நிக்கிறவன்கிட்ட எதுக்குக் கேக்குற” என்பார். தலைத்திவசத்துக்கு ராசிங்காபுரம் போக வேண்டும் என்றால், “போயிட்டு வா, அப்பிடியே இன்னொரு பாட்டும் எடுத்து விட்டுட்டு வா” என்பார். அப்பா கெட்டவர் இல்லை. வேப்பமரத்தடியில் கேட்டதை அவரால் விழுங்க முடிந்தது. முன்னறையில், ஓர் அந்நியனின் சிரிப்போடு கேட்டதை விழுங்க முடியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவர்மேல் இருக்கும் கோபம் வேறு.

சித்தப்பாவின் ரசனை தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரம். அது முதல் ரகப் பாட்டுதான். அந்த ஆறு வரி எனக்கு மனப்பாடமாக இருப்பதுகூட அவர் இரண்டு தடவை போட்டதால்தான். இதோ நானும் இங்கே எழுதிவைத்துவிட்டேன். எழுதியிருக்கலாமா என்று தெரியவில்லை. பாட்டின்மேல் உயிரையே வைத்திருந்தவர் என்று அவர் சாவு வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பாடினவளுக்கும் உயிர் என்று ஒன்று இருந்தது, அவள் தினமும் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள் என்று எழுந்து சொல்ல வேண்டும்போல இருந்தது. மருமகளாகப் போன பெண் பிறந்த வீட்டுத் துக்கத்தில் சண்டை போட்டாள் என்று வருமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுவருடம் பெரியம்மா இறந்துபோனாள். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அக்கா. இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். பெண்கள் எல்லோரும் தோளைக் கட்டிக்கொண்டு பாடினார்கள். அம்மா அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள், கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. வாசலில் நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது பையோடு உள்ளே வந்தால் அந்தப் பையையே பார்த்தாள். பசிக்கிறது போல, யாராவது தின்பதற்குக் கொண்டுவந்தார்களா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி, “கூடப்பொறந்தவளுக்கு ஒரு வாய் பாட மாட்டேங்கிறாளே. கல்லு நெஞ்சுக்காரி” என்றாள். இன்னொருத்தி, “அவளுக்கென்ன, டேப்புல பாடுறவ. சும்மா பாடுவாளா?” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்குப் பாட ஆசைதான், தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, அது இவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியம்மாவின் அடுப்படிக்குப் போய், மாடத்தில் இருந்த டப்பாக்களைத் திறந்து திறந்து பார்த்துப் பனங்கற்கண்டைக் கண்டுபிடித்தேன். பெரிய துண்டாக ஒன்று எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, பெண்களின் கால்களுக்கு இடையில் நுழைந்து, அம்மாவின் கையில் வைத்தேன்.

“வாயில போட்டுக்கம்மா. தொண்ட சரியாயிரும், பாடலாம்” என்றேன்.

அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டு உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். அது கரைவதற்காக நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தேன்.