நாற்பத்தேழுக்குப் பிறகு

இது நடந்தது. நேரங்களை அப்போதே குறித்து வைத்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அந்த ஞாயிறு காலை 5.50க்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். சாயா போட்டேன். முந்தின நாள் புட்டைச் சூடாக்கித் தின்றேன். 8.10க்கு இடக்கொச்சி வீட்டிலிருந்து பைக்கை எடுத்தேன். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடிதான் எங்கள் ஆவணக் காப்பகம். ரயில் நிலையங்கள் கழித்துப் போட்ட சிக்னல் பதிவேடுகளை வாங்கி வந்து, கரையான் தின்றது போக மிச்சத்தை ஸ்கேன் செய்கிறோம். யாருக்கும் சம்பளம் இல்லை. என் மனைவி ஹிஸானாவும் அங்கே பட்டியல் எழுதியவள்தான். அவள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பதிவேடுகளில் பிரைவேட் நம்பர் என்று ஒன்று உண்டு. பாதை காலி, லைன் கிளியர் என்று ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போனில் சொன்னால் மட்டும் போதாது. அச்சடித்த தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லி, அதைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். கேட்பவர் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார். எண் வந்துவிட்டால் சந்தேகமே கூடாது. ரயிலை விட்டுவிடலாம்.

ஹிஸானாவுக்கு இது பிடித்துப்போனது. வருகிறேன் என்று நான் சொன்னால் நம்பமாட்டாள். நம்பர் கேட்பாள். காப்பகத்தில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அப்படி ஓர் எண் தாள் இருந்தது. எழுதிக்கொள்ள அவளிடம் ஒரு குட்டி நோட்டு.

அவளுக்கு ஆஸ்துமா. இறந்த அன்று பிற்பகல் 3.42க்கு வீட்டிலிருந்து போன் செய்தாள். மூச்சு முட்டுகிறது, இன்ஹேலர் தீர்ந்துவிட்டது என்றாள். கிளம்பிவிட்டேன் என்றேன். நம்பர் கேட்டாள். நாற்பத்தேழு என்றேன். மெல்ல ஓட்டுங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கிளம்பவில்லை. கையில் இருந்த பதிவேட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். போய்ச் சேர்ந்தபோது வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை. நான் கிளம்பாத விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்த ஞாயிறுக்கு வருகிறேன். மழை. காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் சுபாஷிணி சேச்சி இரண்டு மணிக்குக் குடையை விரித்தார். "அப்ஸலே, இங்கத்த பல்லிக்குக்கூட ஒரு வீடு உண்டு. நீ எப்பப் போவ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

3.40க்குக் கரண்ட் போனது. ஸ்கேனர் நின்றது. ஜன்னல் இடுக்கில் காற்று நுழைவது போல ஒரு மெல்லிய விசில்... நின்றது. மறுபடி வந்தது. ஜன்னல் மூடியிருந்தது.

3.51.

ட்ரிங்...

அலமாரி மேல் பழைய ஸ்டேஷன் போன். காட்சிக்கு வைத்தது. அதற்கு வயரே கிடையாது.

எடுத்தேன்.

மூச்சு. இழுத்து... இழுத்து...

"இக்கா... எங்க எத்தி?"

அவள்தான். எங்கே வந்து சேர்ந்தேன் என்று கேட்கிறாள்.

செத்தவளிடம் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

"தோப்பும்படி," என்றேன். வீட்டுக்குப் போகும் வழி.

"நம்பர்?"

தாளைப் பார்த்தேன். "பன்னிரண்டு."

வைத்துவிட்டாள்.

3.59. ட்ரிங்...

"பள்ளுருத்தி," என்றேன், வீட்டுக்கு இன்னும் பக்கத்தில். அவள் கேட்கவே இல்லை. நானே சொன்னேன். "எண்பத்து மூணு."

பதிலுக்கு ஒன்று சொன்னாள். அப்புறம் விசில்கூட இல்லை.

இரண்டு எண்களையும் கோடு போட்டு அடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹிஸானாவின் தம்பி ஷமீர் வந்தான். அவள் இறந்த அன்று கையில் இருந்ததையெல்லாம் ஒரு கவரில் போட்டு ஒட்டி வைத்தவன் அவன். வளையல், மொபைல், நோட்டு. இத்தனை நாள் பிரிக்க மனம் வரவில்லை என்றான். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். அவள் இறந்த தேதி. அவள் கையெழுத்து.

3.42 – 47
3.51 – 12
3.59 – 83

"மொபைல்ல அன்னிக்கு ஒரே ஒரு கால்தான் இருக்கு, மச்சான். மூணே நாப்பத்திரண்டு. பாக்கி ரெண்டு நம்பர் ஆரு தந்தது?"

தெரியாது என்றேன்.

மெல்ல ஓட்டுங்க. அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது என்று எட்டு மாதம் நினைத்திருந்தேன். இல்லை. கடைசியாகச் சொன்னது 3.59க்கு.

"அடுத்த வீட்டு பீவித்தாவ விளிக்கலாம்னு வாசல்வரை வந்தேன், இக்கா... நம்பர் தந்தாச்சல்லோ. இனி வேண்டா."