நில்லு என்றால் நிற்பவள்

கோந்து என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு; அது ஒப்பந்தத் தாள்களில் மட்டும் குடியிருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆடுகிறவள் அவள். எதிரணியில் யார் அதிகமாக வளையத்தில் பந்து போடுகிறாளோ அவளிடம் போய் ஒட்டிக்கொள்வதுதான் வேலை. ஒட்டினால் ஆட்டம் முடிகிறவரை உரிய மாட்டாள்.

இதில் வேடிக்கை, அவள் பந்து போட்டு யாரும் அதிகம் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்து பலகையில் புள்ளிகள் ஒளிரும்போது அவளுக்கு எதிரே பெரும்பாலும் முட்டைதான். டீவியில் பார்த்துவிட்டு அம்மா போன் செய்வாள்.

"இன்னிக்கும் முட்டைதானா?"

"ஆமாம்மா."

"அப்புறம் எதுக்குடி உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

"அந்தப் பக்கத்து ஸ்டாருக்கும் முட்டை வாங்கிக் குடுத்தேன்ல, அதுக்கு."

செய்ததைக் காட்டிப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். நடக்கவிடாமல் செய்ததைக் காட்டி ஒருத்தி எப்படிப் பிழைக்கிறாள்? அதைத் தெரிந்துகொள்ள அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும்.

கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கடை, மாடியில் வீடு. கடையில் மரச் சட்டங்களில் கண்ணாடிகள் சாய்ந்து நிற்கும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் பார்த்தால் குளத்துத் தண்ணீர் மாதிரிப் பச்சை. மேசைமேல் கம்பளி விரித்து, அப்பா ஒரே இழுப்பில் கோடு போட்டு, ஓரத்தை லேசாகத் தட்டுவார். கண்ணாடி பிஸ்கட் மாதிரி இரண்டாகும். அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்ட பிறகு வெட்டுவது மட்டும் அவர் வேலையாக நின்றது. தூக்கிக்கொண்டு போய் மாட்டுவது அண்ணன் தங்கை தலையில் விழுந்தது.

பெரிய கண்ணாடியை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. முன்பக்க ஓரத்தில் ஒருவர், பின்பக்க ஓரத்தில் ஒருவர், எதிரும் புதிருமாகப் பிடிக்க வேண்டும். ஒருவர் முன்னால் நடந்தால் மற்றவர் பின்னோக்கி நடந்தாக வேண்டும். மாடிப்படி ஏறும்போது பாரம் முழுக்கக் கீழே நிற்பவர்மேல் இறங்கும். அண்ணன் வாட்டசாட்டமானவன், ஆகவே அவன் கீழே. பின்னோக்கி நடப்பது எப்போதும் தங்கை.

பின்னோக்கி நடக்கிறவள் எங்கே பார்ப்பது? எதிரே இருப்பவரின் காலைப் பார்த்தால் தாமதமாகிவிடும். முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஏனென்றால் அண்ணன் வேண்டுமென்றே மூஞ்சியை அஷ்டகோணலாக்குவான். போனால் போகிறது என்று அவள் அவன் இடுப்பைப் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் ஓர் ஆச்சரியம் பிடிபட்டது. இந்த மனிதன் இடது பக்கம் திரும்பப் போகிறான் என்பது அவனுக்கே தெரியுமுன் அவன் இடுப்புக்குத் தெரிந்திருக்கிறது! அப்புறம் அவளுக்கு அதுவே பொழுதுபோக்கு. பேருந்து நிறுத்தத்தில், சந்தையில், வங்கி வரிசையில், யார் எந்தப் பக்கம் திரும்புவார் என்று மனசுக்குள்ளேயே பந்தயம் கட்டுவாள்.

கண்ணாடி தூக்குகிறவர்களுக்குள் இரண்டே சொற்கள். யார் "நில்லு" என்று சொன்னாலும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஏன் என்று நின்ற பிறகுதான் கேட்கலாம். மறுபடி கிளம்ப "போலாம்" என்று சொல்லும் உரிமை பின்னோக்கி நடப்பவருக்கு மட்டும், ஏனென்றால் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்கத் திரும்ப வேண்டியது அவர்தான். ஆரம்பத்தில் ஒரு நாள் அவள் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் ஓர் எட்டு வைத்துவிட்டாள். அண்ணனின் மணிக்கட்டில் இருக்கும் நீளத் தழும்பு அந்த ஓர் எட்டுதான். அதற்கப்புறம் "நில்லு" என்ற சொல் முடிவதற்குள் அவள் நின்றிருப்பாள்.

அந்த ஊர் விளையாட்டு அரங்கில் யாரோ பந்தை வீசி ஜன்னலை உடைத்தார்கள். மாற்றுக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இருவரும் போனபோது உள்ளே பெண்கள் அணி பயிற்சியில் இருந்தது. பயிற்சியை நிறுத்தச் சொல்ல அண்ணனுக்குச் சங்கடம். ஓடிக்கொண்டிருந்த பெண்களின் நடுவே புகுந்து, ஒவ்வொருத்தியாக வளைத்து ஒதுங்கி, பின்னோக்கியே அரங்கத்தைக் கடந்தாள் தங்கை. அந்த அணியின் பெண் பயிற்சியாளருக்கு ஊத எடுத்த விசில் வாயிலேயே நின்றுவிட்டது. கண்ணாடி மாட்டி முடிகிறவரை காத்திருந்து கேட்டார்.

"ஏம்மா, பந்து ஆடுவியா?"

"தெரியாதுங்க."

"ஓடவாவது வருமா?"

"பின்னாடி ஓடுவேன்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். பயிற்சியாளர் அடித்துக்கொள்ளவில்லை. மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

பந்தைத் தட்டத் தெரியாது, வீசத் தெரியாது. ஆனால் எதிரே ஒருத்தியை நிறுத்திவிட்டால் போதும், இருவருக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருப்பதாக நினைத்துக்கொள்வாள். அதே தூரம் விட்டு, அதே இடுப்பைப் பார்த்து, பின்னோக்கியே நகர்வாள். கண்ணாடி பிடித்துப் பழகிய கை, எட்டிப் பிடுங்கப் போகாது. அதனால் நடுவரின் விசிலும் அவளுக்காக ஊதாது. எதிராளிக்குத்தான் எரிச்சல். "இவ என்ன கோந்தா?" என்று ஒருத்தி கத்தியதில் பெயர் நிலைத்துவிட்டது.

ஊர் அணியிலிருந்து சின்ன லீக், அதிலிருந்து பெரிய லீக். பெட்டியைக் கட்டிக்கொண்டு புது ஊருக்குப் போய் இறங்குவாள். குழாய் சொட்டும் விடுதி அறை, துணிக்கொடி கட்டிய பால்கனி, யாருடையதென்று தெரியாத கட்டில். சேர்ந்த முதல் மாதம் எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: "இவள எதுக்கு எடுத்தாங்க?" சீசன் முடியும்போது அதே வாய்கள், "கோந்து எங்க, நாளைக்கு அவ ஆடுவாளா?" என்று கேட்கும்.

இரண்டாவது ஊரில் அறைத்தோழியாக வாய்த்தவள் ஊசி. ஒல்லி. எந்த இடுக்கு கிடைத்தாலும் பந்தோடு நுழைந்துவிடுவாள். பயிற்சியில் கோந்துக்கு எதிரே எப்போதும் ஊசிதான். இவளைத் தாண்டப் பழகியே அவளும், அவளைத் தடுக்கப் பழகியே இவளும் தேறினார்கள். ஒரு நாள் பயிற்சியாளர் "நில்லு!" என்று கத்தினார். மற்றவர்கள் வேகம் குறைந்து, நாலடி நடந்து, இடுப்பில் கைவைத்து நின்றார்கள். கோந்து மட்டும் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் கொக்கு மாதிரி நின்றாள்.

ஊசிக்குக் குஷி தாங்கவில்லை. பல் தேய்க்கும்போது "நில்லு" என்பாள். பிரஷ் அந்தரத்தில் நிற்கும். சாப்பாட்டுத் தட்டோடு வரும்போது சொல்வாள். பின்னால் வருகிறவள் வந்து முட்டுவாள்.

"உனக்கு ஸ்விட்ச் எங்கடி இருக்கு? காதுலயா?" என்று காதைத் திருகிப் பார்ப்பாள்.

பிறகு ஊசி வேறு அணிக்குப் போய் நட்சத்திரமானாள். கோந்துக்கு முப்பது தாண்டியது, முழங்காலில் பட்டை ஏறியது. ஒப்பந்தம் முடியப்போகிற சீசனில் அவள் அணியும் ஊசியின் அணியும் மோதின. அதுவரை அவர்கள் எதிரெதிரே ஆடும்படி அமையவே இல்லை.

முதல் பத்து நிமிடம் ஊசியால் நகர முடியவில்லை. அதற்கப்புறம் அவள் பந்தைத் தட்டிக்கொண்டே கிட்டே வந்து, உதடு அசையாமல், "நில்லு" என்றாள்.

கோந்து நின்றாள். ஊசி சுற்றிக்கொண்டு போய் வளையத்தில் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த முறையும் அதேதான், அதற்கடுத்த முறையும். நடுவருக்குக் கேட்கவில்லை, கேட்டாலும் பேசுவது குற்றமில்லை. பயிற்சியாளர் அவளை வெளியே கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"மரம் மாதிரி நிக்கறியே, முட்டி வலிக்குதா?"

"இல்ல சார். அவ நிக்கச் சொல்றா."

"அவ சொன்னா நீ நிப்பியா!"

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், சுற்றிவளைக்கத் தெரியாதவர்.

"அடுத்த வாரம் அவங்க ஊர்ல மறுபடி ஆடறோம். ஊசியக் கட்டிப்போட்டா ஒப்பந்தத்தப் புதுப்பிச்சுடலாம். இல்லேன்னா சின்னப் பொண்ணு ஒருத்திய எடுக்கறதா இருக்காங்க. தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் போக மனசில்லை. இன்னும் படித்துப் பார்க்காத இடுப்புகள் லீக்கில் எத்தனை! புதிதாக வந்திருக்கும் அந்த உயரக்காரி இடது பக்கம் திரும்புமுன் ஏன் ஒரு கணம் தயங்குகிறாள் என்பதே இன்னும் பிடிபடவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி வீட்டில் போய் உட்காருவது?

கிடைத்த விடுமுறையில் நேரே கடைக்குப் போனாள். அண்ணன் கதையைக் கேட்டுவிட்டு ஒரு பிளைவுட் பலகையை எடுத்தான்.

"இத மறக்கறது என்ன பெரிய வித்தையா? வா. நான் நில்லுன்னு சொல்லுவேன், நீ நிக்காத."

சந்து முழுக்க நடந்தார்கள். அவன் சொன்னான், அவள் நின்றாள். திட்டிக்கொண்டே சொன்னான், நின்றாள். பாட்டாகப் பாடினான், அதற்கும் நின்றாள். எதிர் வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, "அண்ணனும் தங்கச்சியும் என்ன கல்யாண ஒத்திகையா பாக்கறீங்க?" என்றாள்.

"கழுதைக்கு மறதி வரலக்கா" என்றான் அண்ணன். வெயிலில் வியர்த்து, அலுத்து, தையல்காரம்மாவைப் பார்த்துக்கொண்டே சலிப்போடு "நில்லு" என்றவன், தான் நிற்க மறந்துவிட்டான். அவள் சுவர் மாதிரி நின்றாள். பலகையின் ஓரம் அவன் தொப்பையில் பதிந்தது. "அம்மா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் அவனைத் தூக்கவில்லை. தலையைச் சாய்த்து அவனையே பார்த்தாள்.

"அண்ணா, எங்க அடிபட்டது?"

"வயித்துல. பாத்தா தெரியலியா?"

"எனக்கு ஒண்ணும் ஆகல."

"அது ஒரு சந்தோஷமா உனக்கு?"

"சொன்னது நீ, அடிபட்டது உனக்கு. அண்ணா, எந்திரி. இன்னொரு தடவ வந்து மோது."

தையல்காரம்மா சிரித்த சிரிப்பு சந்தின் கோடிவரை கேட்டது.

கூடைப்பந்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி அசையாமல் நிற்கும்போது பந்தோடு வந்து அவள் மார்பில் மோதினால், தவறு மோதியவளுடையது. கோந்து இத்தனை வருடமும் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்தே தடுத்தவள். நின்று அடி வாங்க நினைத்ததே இல்லை. நிற்பதை மறக்க வேண்டியதில்லை, சரியான இடத்தில் நின்றால் போதும். ஊசி "நில்லு" என்று சொல்லும்போது அவள் போக நினைக்கிற வழியிலேயே இருந்தாக வேண்டும். அதற்கு அரை எட்டு முந்த வேண்டும்.

பழைய ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். வாய் திறக்குமுன் ஊசியின் வலது இடுப்பு பொடிசாகத் தாழ்ந்தது. அட, இத்தனை நாள் ஒரே அறையில் இருந்தும் இதைப் பார்க்கவில்லையே!

மறு ஆட்டத்துக்கு அண்ணனும் பஸ் ஏறி வந்து மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஆட்டம் சூடுபிடித்ததும் ஊசி கிட்டே வந்தாள். இடுப்பு தாழ்ந்தது. கோந்து பாய்ந்து குறுக்கே போனாள், ஆனால் போய்ச் சேருமுன் சொல் வந்துவிட்டது. ஒரு கால் அந்தரத்தில் நின்றதில் தோள் ஊசியை இடித்தது. விசில் கோந்துக்கு எதிராக ஊதியது. பெஞ்சில் மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயிற்சியாளர், வெளியே கூப்பிடலாமா என்று யோசித்தபடி எழுந்து நின்றார்.

அடுத்த முறை அவள் இடுப்பு தாழும்வரைகூடக் காத்திருக்கவில்லை. ஊசி மூச்சை இழுத்ததுமே வழியில் போய் இரண்டு காலையும் ஊன்றிவிட்டாள்.

"நில்..." என்றாள் ஊசி.

கோந்து நின்றாள், ஊசிக்கு நேர் எதிரே, தூண் மாதிரி. வேகத்தில் வந்தவளுக்குத் திரும்ப இடமில்லை. மோதிய மோதலில் இருவரும் உருண்டார்கள். கோந்து மல்லாந்து விழுந்தாள். கைகள் இரண்டும் எதையோ தூக்கிப் பிடித்த மாதிரி மேலேயே இருந்தன. நடுவர் ஊதிக்கொண்டு ஓடி வந்து ஊசியை நோக்கிக் கை காட்டினார்.

"கண்ணாடி உடையல!" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஊசியால் நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், இன்னொரு தடவை மோதினாள். மூன்றாவதற்கும் துணிந்தபோது அவள் பயிற்சியாளர் அங்கிருந்தே கத்தினார்: "வாய மூடிட்டு ஆடு!" வாயை மூடிக்கொண்டு ஆடும் ஊசியைத் தடுப்பது கோந்துக்குப் பழைய வேலை. கடைசி விசில் ஊதியபோது கோந்து பெயருக்கு எதிரே முட்டை. ஊசியின் கணக்கு, அவள் தன் அம்மாவிடம் போனில் சொல்ல வெட்கப்படுகிற அளவில் நின்றது.

மேனேஜர் பேனாவைத் திறந்தே கொண்டுவந்தார். "நீங்க முதல் தடவ மல்லாந்து விழுந்தப்போ எனக்கு உயிரே போச்சு" என்றார்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே ஊசி காத்திருந்தாள். விலா எலும்பில் ஐஸ் பை.

"உண்மையச் சொல்லு, கோந்து. அந்த வார்த்தையில என்னதான் இருக்கு?"

"சொன்னா புரியாது. லீவுல கடைக்கு வா."

வர மாட்டாள் என்றுதான் கோந்து நினைத்தாள். ஆனால் ஊசி வந்துவிட்டாள். அண்ணன் ரப்பர் கையுறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு ஒதுங்கினான். ஆள் உயரக் கண்ணாடி ஒன்று, எதிர்ச்சாரியில் மூன்றாவது மாடிக்குப் போக வேண்டும். கோந்து மேலே, பின்னோக்கி, ஊசி கீழே. லீக்கின் நட்சத்திரம் முதல் படியிலேயே மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"எங்க பாக்கறது?"

"உனக்கு எங்க பாத்தா பயம் இல்லையோ அங்க பாரு."

முதல் மாடித் திருப்பத்தில் ஊசியின் காலணிக் கயிறு அவிழ்ந்து படியில் சிக்கியது. கண்ணாடி கையில் லேசாக நழுவியது. கத்தக்கூட வரவில்லை, தொண்டைக்குள்ளிருந்து காற்றாகத்தான் வந்தது.

"நில்லு."

கோந்து நின்றாள். கண்ணாடி நின்றது. பின்னால் ஏறி வந்த அண்ணனும் நின்றுவிட்டான். ஊசி மெதுவாகப் பிடியைச் சரிசெய்தாள், காலை விடுவித்தாள், மேலே நிமிர்ந்து தோழியைப் பார்த்தாள்.

"நீ இன்னும் ஒரு எட்டு வெச்சிருந்தா…"

"அதான்" என்றாள் கோந்து. கழுத்தைத் திருப்பி முதுகுக்குப் பின்னால் அடுத்த படியைப் பார்த்துக்கொண்டாள். "போலாம்."