பம்பரில் ஒரு சொட்டை

என் நண்பனின் காரிலிருந்து முன்பக்கத்து பம்பரைத் திருடியவன் நான். திருட்டு என்ற சொல்லை வெகுகாலம் தள்ளிவைத்திருந்தேன். மாற்றினேன், எடுத்துக்கொண்டேன் என்றெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எதுவும் சரியாக உட்காரவில்லை.

போன வாரம் லஸ் முனையில் என் மகனுடைய காரை ஓர் ஆட்டோ லேசாகத் தொட்டது. பம்பர் டப்பா மூடி மாதிரி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பிளாஸ்டிக். "விடுங்கோப்பா, புதுசு மாட்டினாப் போச்சு" என்றான் மகன். சாயங்காலத்துக்குள் மாட்டியும் விட்டார்கள். எங்கே பட்டது என்று குனிந்து தேடினேன், ஒரு தடயமும் இல்லை. நிமிரும்போது சேஷுவின் கை ஞாபகம் வந்தது.

சேஷு என்னோடு கல்லூரியில் படித்தவன். நான் கணக்கு வாத்தியாராகப் போனேன், அவன் என்ஜினியரானான். நான் மயிலாப்பூர், அவன் மந்தைவெளி. எங்கள் இருவரிடமும் ஒரே வருஷத்து, ஒரே வகை இங்கிலீஷ் கார் இருந்தது. சந்தனம் இழைத்தது போன்ற சீட்டுத் தோலின் வாசனை என்று அதைப் பற்றி நான் பெருமையடிப்பேன். உண்மையில் அது பெட்ரோலும் எலிப்புழுக்கையும் கலந்த வாசனை. அவனுடைய கார் பச்சை, முதல் நாளிலிருந்து ஒரே குடும்பத்தில் இருந்தது. என்னுடையது கறுப்பு. தி. நகரில் ஒரு டாக்டர் வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து நான் மீட்டது. அதில் முன்பக்கத்து பம்பரே இல்லை. எவரோ தண்ணீர்க் குழாயை வளைத்து மாட்டியிருந்தார்கள். என் மனைவி அதில் ஈரத்துண்டைக் காயப்போட்டுவிட்டு, "எதுக்காவது ஆறதே" என்பாள்.

சேஷுவின் பம்பர் கம்பெனியிலிருந்து வந்த அசல். இடது ஓரத்தில் மட்டும் உள்ளங்கைக் குழி அளவுக்கு ஒரு சொட்டை. அவன் மனைவி வசந்தா கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது வீட்டு கேட் தூணில் இடித்தது. இடித்துவிட்டு இறங்கி, "தூண் நகர்ந்துடுத்து" என்றாளாம். அவள் சின்ன வயசிலேயே போய்விட்டாள். குழந்தைகள் கிடையாது. தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் சேஷு முன்பக்கமாகச் சுற்றி வந்து அந்தக் குழியில் கையை வைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பான். "வசந்தா போட்ட கையெழுத்துடா" என்பான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்று கடற்கரைச் சாலையில் நடக்கப்போவதாகச் சொன்னார்கள். எல்லா உதிரிகளும் அசலாக இருந்தால்தான் பரிசு. தண்ணீர்க் குழாயோடு எப்படிப் போவது? அவனுடையதைப் பார்த்து ஒன்று செய்துகொள்கிறேன் என்று சேஷுவிடம் கேட்டேன்.

"மாதிரிக்குத்தானே, எடுத்துண்டு போ" என்றான். போல்ட்டுகளை அவனே கழற்றிக் கொடுத்தான். பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து சுற்றினான். "பத்திரம்டா" என்று ஒரு முறைதான் சொன்னான்.

புதுப்பேட்டையில் தாஸ் என்ற டிங்கர் அதைப் பார்த்து இன்னொன்று செய்தார். முலாமும் பூசி வந்தது. கண்ணுக்கு அச்சு அசல். வண்டியில் பொருத்தினால் பொய்ப்பல் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. துளைகள் அரை விரல் தள்ளி இருந்தன, வளைவும் கொஞ்சம் தூக்கல். சும்மா பார்க்கலாமே என்று சேஷுவின் பம்பரை என் வண்டியில் வைத்துப் பார்த்தேன். இதுதான் நான் செய்த முதல் தப்பு. பிறந்ததிலிருந்தே அங்கே இருந்தது போல அது பட்டென்று உட்கார்ந்தது.

அப்புறம் எனக்கு அதைக் கழற்ற மனசு வரவில்லை. எங்களைப் போன்ற பழைய கார்ப் பைத்தியங்களுக்கு ஒரு வியாதி உண்டு. கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளில் இருந்ததுதான் அசல், அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அழுக்கு. அந்தச் சொட்டையும் எனக்கு அழுக்காகத்தான் தெரிந்தது. தாஸிடம் அதைத் தட்டி எடுக்கச் சொன்னேன். கூடவே, புதிய பம்பரில் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு சொட்டை போடச் சொன்னேன்.

தாஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார், ஊருல எல்லாம் டொக்கு எடுக்கத்தான் வருவான். நீ டொக்கு வைக்கச் சொல்லிக்கினு நிக்கிற. யாருக்கு டிமிக்கி?"

"நாடகத்துக்கு" என்றேன். வாத்தியார் வாய்க்குப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

சேஷுவின் வண்டியில் நானே படுத்துக்கொண்டு அதைப் பொருத்தினேன். பொருந்தாத இடங்களில் வாஷர்களைச் சொருகினேன். அவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றான். "புதுசு மாதிரி மின்னறதேடா!" என்றான். உன் உபகாரத்துக்குப் பதிலாகப் பாலிஷ் போட்டேன் என்றேன். முன்பக்கம் வந்து குனிந்து குழியில் கையை வைத்தான். நான் வண்டிக்கு அடியிலேயே இருந்தேன். அவன் செருப்புகள் மட்டும் தெரிந்தன. அவை வெகுநேரம் நகரவில்லை.

அணிவகுப்பில் நடுவர் என் பம்பரை விரலால் சுண்டி, அந்த ஓசையைக் கேட்டு, "ஒரிஜினல்!" என்றார். ஃபிளாஸ்க்கில் காபியோடு எனக்காக வந்திருந்த சேஷு என் காதில், "ஜட்ஜையே ஏமாத்திட்டியேடா! உன் புதுப்பேட்டைக்காரனுக்குக் கோவில் கட்டணும்" என்று சொல்லிச் சிரித்தான். நான் கோப்பையை வாங்கும்போது எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியதும் அவன்தான்.

கடற்காற்று என்னைக் காட்டிக்கொடுத்தது. சில மழைக்காலங்களிலேயே சேஷுவின் பம்பரில் முலாம் கொப்புளித்து உரிந்தது. சொட்டையின் விளிம்பில் துரு அரித்தது. அவன் தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தான், விபூதி போட்டுத் தேய்த்தான். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

"இத்தனை வருஷம் ஒரு பொட்டுத் துரு கிடையாது. இப்ப எப்படிடா? மறுபடி முலாம் போட்டா குழி தூந்துபோயிடும்கறான் கடைக்காரன். போடலேன்னா ஓட்டை விழுந்துடும்கறான். அவளோடது அது ஒண்ணுதான் இருக்கு. நீதான் ஒரு வழி சொல்லணும்."

அன்று சொல்லவில்லை. மறுநாள் என் வண்டியிலிருந்து பம்பரைக் கழற்றினேன். அவன் அன்று சுற்றிக் கொடுத்த அதே வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் மந்தைவெளிக்குக் கொண்டுபோய், அவன் கார் ஷெட்டில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவனுக்கு அசலைத் திருப்பிக் கொடுக்கிறேன் அல்லவா!

சேஷு வேட்டியை விலக்கினான். இடது ஓரத்தைத் தடவினான். மறுபடி தடவினான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"அவ இடிச்ச இடம் எங்கடா?"

"தட்டி எடுத்துட்டேன்."

அவன் வண்டியிலிருந்த துருப்பிடித்த பம்பரைப் பார்த்தான். "அப்போ அது?"

"தாஸ் போட்டது."

திட்டுவான் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "வெயில்ல வந்திருக்கே, மோர் சாப்பிடறயா?" என்று கேட்டான். பொருத்தித் தருகிறேன் என்றேன். வேண்டாம், சுவரோரம் சாத்திவிட்டுப் போ என்றான்.

கோப்பையை அணிவகுப்பு நடத்தியவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர்களுக்கு எதற்கென்றே புரியவில்லை. என் காரை விற்றுவிட்டேன். சேஷுவின் வீட்டுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை, வராதே என்று அவனும் சொல்லவில்லை. காபி வந்தது, கிரிக்கெட் பேசினோம். இப்போது அவனும் இல்லை. பச்சை கார் எங்கே போனதென்று தெரியாது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். வசந்தா இடித்த தூணும் அதோடு போயிற்று.

துருப்பிடித்த பம்பரையே அவன் கடைசிவரை வண்டியில் வைத்திருந்தான். அசல் சுவரோரமே கிடந்தது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு சேஷு வண்டியை எடுக்கும்போது முன்பக்கமாக வரவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தான்.