புதுக்காரின் லொடலொட

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த அன்றே அம்மாவும் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். எல்லாம் எலுமிச்சம்பழத்தால் வந்த வினை.

அப்பாவுக்குக் கொட்டகலை பஜாரில் துணிக்கடை. எத்தனையோ வருஷமாகக் கார், கார் என்று புலம்பிக்கொண்டிருந்தவர், ஒருநாள் கொழும்புக்குப் போய்ப் புத்தம் புதிதாக ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கறுப்பு நிறம். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு மினுமினுப்பு! பஜாரே திரண்டு வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அம்மா மட்டும் ஒரு தட்டில் நான்கு எலுமிச்சம்பழங்களுடன் படியிலேயே நின்றாள். சக்கரத்துக்கு ஒன்றாக நசுக்கி, கோயில் வாசலில் நிறுத்திப் பூசை போட்ட பிறகுதான் புது வண்டியில் ஏறுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

அப்பாவோ அந்தச் சமயத்தில் பத்திரிகைகளைப் படித்துப் பகுத்தறிவுக்காரராக மாறிக்கொண்டிருந்தார். முழுதாக மாறிவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. சரஸ்வதி பூசையன்று சுண்டலுக்கு முதல் ஆளாக வந்து உட்காருகிறவர் அவர்தான்.

“கார் ஓடுறது பெற்றோல்ல. எலுமிச்சம்பழத்துல இல்ல. என் டயர்ல ஒரு பழம் நசுங்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்றார், ஊர் கேட்க.

“அப்ப, சாமிக்குக் காட்டாத வண்டியில நான் ஏற மாட்டேங்க. நீங்களும் ஒங்க பெற்றோலும் போய்ட்டு வாங்க” என்று தட்டோடு உள்ளே போய்விட்டாள் அம்மா.

பாவம் அப்பா. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டும் என்றுதான் அந்த மனிதர் காரே வாங்கினார். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தெரியாது. ஆனால் முன் சீட்டில் என்னை ஒருநாளும் உட்கார விட்டதில்லை. “அது அம்மா சீட்டு. பின்னால போ பாப்பா” என்பார். அந்த ஆளில்லாத சீட்டோடு மூன்று நாள் பஜாருக்கும் ஹட்டனுக்கும் போய்வந்தோம்.

நான்காம் நாள் காலையில் சத்தம் ஆரம்பித்தது. லொட, லொட, லொடலொட. கார் நின்றால் சத்தமும் நின்றுவிடும். ஏற்றத்திலும் குழியிலும் போனால் போதும், யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுவது போல முன்பக்கத்திலிருந்து வரும். புதுக்காரில் இப்படி ஒரு சத்தம் வந்தால் பஜார் சும்மா இருக்குமா? பூசை போடாத கார் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. முருகனுக்குக் கோபம் என்றாள். முருகனுக்கு வேறு வேலை இல்லையா என்றார் அப்பா. “மொதல்ல அந்தச் சத்தம் நிக்கட்டும்” என்று அம்மா சொன்னதோடு பேச்சு முடிந்தது.

என் தாய்மாமாவுக்கோ திருவிழா பார்ப்பது மாதிரி. தினமும் சாயந்தரம் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றுவார். “மச்சான், ஒரு மறை கழண்டிருக்கு. காருக்கா ஒங்களுக்கான்னுதான் தெரியல” என்று ஒருநாள் சொல்ல, அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் தானே காரைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவதாகவும், எலுமிச்சம்பழத்தை மூட்டையாகக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் கொட்டலாம் என்றும் சவால் விட்டார்.

அதன் பிறகு வீட்டு வாசல் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. முதலில் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எஞ்சின் ஓட்டுகிறவர் வந்தார். முழ நீளத் திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்து, “பச்சப்புள்ள தூங்குற மாதிரி தூங்குதுங்க மொதலாளி” என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அப்புறம் ஹட்டன் கராஜிலிருந்து சிங்கள மெக்கானிக் பாஸ் ஒருவர் வந்தார். அவர் ஓட்டிப் பார்த்தபோது அந்தப் பாழாய்ப்போன சத்தம் வாயே திறக்கவில்லை. சமதரையில் ஓட்டினால் எப்படி வரும்? “முக்குத் நே மாத்தயா” என்று கையை விரித்தார். ஒன்றுமே இல்லையாம். அப்பா எதையோ பறிகொடுத்தவர் மாதிரி அன்று சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை, என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கல் ரோட்டில் மேலே ஓட்டினார். லொடலொட என்று சத்தம் கூடவே வந்தது. ஒரு வளைவில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். சுற்றிலும் தேயிலை, மூடுபனி, எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. கோபத்தில் இறங்கி முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார்.

லொட.

அப்பா அப்படியே நின்றார். மறுபடி உலுக்கினார். லொட. “எஞ்சின் ஓடல. ஆனா சத்தம் வருது! அப்ப இது எஞ்சினே இல்ல பாப்பா!” என்று கத்தினார். பொனட்டைத் திறந்து, பெற்றரிக்குப் பின்னால் இருந்த சந்தில் முழங்கை வரை கையை விட்டார். மஞ்சள் கயிற்றில் கட்டியிருந்த ஒரு சின்னத் தகர டப்பா வந்தது. மூடி கழன்று விழாதபடி அதை ஒரு பச்சைத் துணிக்கிழிசலால் இறுக்கியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் திருநீறும் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை வேலும் இருந்தன.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சீமையில் கார் செய்கிறவர்கள் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு வேல் வைத்துத்தான் அனுப்புகிறார்கள் போலிருக்கிறது! அந்தத் துணிகூட அம்மாவின் பழைய பச்சைச் சேலை மாதிரியே இருந்தது. அதே சேலை சீமையிலும் விற்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“அடிப்பாவி” என்றார் அப்பா, மெதுவாக. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மட்காட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி டப்பாவைக் கொண்டுபோய் மாமா முகத்துக்கு நேரே நீட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மூடியைப் பழையபடி கட்டி, கழுத்தில் கிடந்த கம்பளி மப்ளரை அவிழ்த்து, டப்பாவைக் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்து, மஞ்சள் கயிற்றையும் முடிந்தார்.

“ஏம்பா?”

“எஞ்சினுக்குக் குளிருது பாப்பா. அதான் இத்தனை நாளா நடுங்கிக்கிட்டிருந்திச்சு. யார்கிட்டயும் சொல்லிறாத. ஒங்க மாமா சிரிப்பான்.”

திரும்பும்போது கார் கம்மென்று வந்தது. அப்பாதான் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார்.

ஒரு திருகாணி தளர்ந்திருந்ததாக வீட்டில் சொன்னார். மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. அம்மா உள்ளே போய் முருகன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. “மஸ்கெலியாவுக்குப் போய் அக்காவைப் பாத்துட்டு வருவோமாங்க?” என்றாள். அப்பா இருந்த தடுமாற்றத்தில் கையிலிருந்த சாவியை வீடெல்லாம் தேடினார்.

அன்றைய பயணம் மாதிரி ஒரு பயணம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. வளைவுக்கு வளைவு “மெதுவா, மெதுவா” என்றாள் அம்மா. எதிரே வந்த பஸ்ஸுக்கெல்லாம் கையைக் காட்டினாள். அப்பா வேண்டுமென்றே சுற்றுவழியில் ஓட்டினார். பகுத்தறிவு ஜெயித்துவிட்டது, அம்மா தோற்றுவிட்டாள் என்று பின் சீட்டில் நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா குளிக்கப் போயிருந்தபோது, அம்மா காருக்குப் பக்கமிருந்து வந்தாள். விரலெல்லாம் கிரீஸ். தனக்குத்தானே சிரித்துக்கொண்டு கையைக் கழுவியவள், அன்றே கம்பளி நூல் வாங்கிவரச் சொல்லி, அப்பாவுக்குப் புதிய மப்ளர் பின்ன உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு கைக்குட்டை தொலைந்தாலே மூன்று நாள் திட்டுகிறவள், அந்த மப்ளர் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. ஆனாலும் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே, சொல்லவில்லை. பாவம் அம்மா, ஒன்றுமே தெரியாமல் பின்னுகிறாளே என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எஞ்சினுக்கும் குளிரும் என்பது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த இரகசியம் அல்லவா!